கட்டைவிரல் நகத்தில் பச்சை

உங்கள் தெருவில் இலையில்லாமல் நிற்கிற அந்த மரம் பட்டுப்போய்விட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது? கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தீர்களா?

அவர் தொட்டுப் பார்க்கிறார். பேருந்துக்கு நிற்கும்போது, மருந்துக்கடை வாசலில் சில்லறைக்குக் காத்திருக்கும்போது, யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போதுகூட, கை தானாகப் பக்கத்துக் கிளைக்குப் போய்விடுகிறது. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார். அதன் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்து சின்ன உளிபோல் ஆகியிருக்கிறது. அந்த நகத்தால் சுள்ளியின் தோலை ஓர் அரிசியளவு கீறுகிறார். உள்ளே பச்சையாக ஈரம் தெரிந்தால் "ம்" என்கிறார். பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் ஒன்றும் சொல்வதில்லை. இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் தடித்த இடத்தில், மறுபடி கீறுகிறார். அங்கேயும் பொடி என்றால் குனிந்து அடிமரத்துக்குப் போகிறார். பேருந்து போய்விடுகிறது.

காடுகளை ஆராய்வது இவர் தொழில். வறட்சியும் ஏறிக்கொண்டே போகும் வெப்பமும் சேர்ந்து மரங்களை என்ன செய்கின்றன என்பது கேள்வி. ஐம்பதை நெருங்குகிற, ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண்மணி. மூக்குக்கண்ணாடியை ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஆராய்ச்சி நிலையத்தில் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரை யாரும் சொல்வதில்லை. காவலாளி முதல் கணக்குப்பிரிவு வரை எல்லோருக்கும் அவர் "நகம் மேடம்". அது அவருக்குத் தெரியும். ஒருமுறை தொலைபேசியில் யாரோ பெயர் கேட்க, அவசரத்தில் "நகம் பேசறேன்" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவரிடம் பேச்சுக்குக்கூட "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?" என்று கேட்டுவிடக் கூடாது. "எதைவிட?" என்பார். கேட்டவர் விழிப்பார். "போன வாரத்தைவிடவா, உங்க சின்ன வயசைவிடவா? ரெண்டும் வேற வேற கணக்கு." லிஃப்ட்டில் இவரோடு ஏறுகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஜீப்பின் பின்பக்கத்தில் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. இலையைக் காம்போடு அறுத்து, காம்பின் நுனி மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி அதற்குள் வைத்து மூடி, காற்றழுத்தத்தை ஏற்றுவார். வெட்டுவாயில் கடுகளவு நீர் எட்டிப் பார்க்கும் கணத்தில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார். மரம் எவ்வளவு தாகத்தில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அளவு. அந்த நீர்த்துளிக்காக லென்ஸில் கண்ணை வைத்துக் காத்திருக்கும்போது அவர் மூச்சு விடுவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களும் விடக் கூடாது. "பெட்டி வெடிச்சிடும்னு பயமா மேடம்?" என்று புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் கேட்டார். "இல்ல. உங்க மூச்சுல இருக்கற ஈரம் லென்ஸ்ல படியும். கொஞ்சம் தள்ளி நின்னு உயிர் வாழுங்க." ஆனால் இலையே இல்லாத மரத்திடம் அந்தப் பெட்டிக்கு அதிகம் வேலையில்லை. அங்கே நகம்தான்.

மரத்துக்குள் நடப்பதை அவர் விளக்கும் விதம் எளிமையானது. வேரிலிருந்து உச்சி இலை வரை தண்ணீர் நூல் நூலாக ஏறுகிறது. மேலே இலையில் ஈரம் ஆவியாக ஆக, கீழேயிருந்து நூல் இழுபடுகிறது. மண் காய்ந்து, காற்றும் சுடும்போது இழுப்பு கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் நூல் அறுகிறது. அறுந்த இடத்தில் காற்றுக் குமிழி உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அந்த வழியில் தண்ணீர் ஏறாது. நூல்கள் அறுந்துகொண்டே போனால் மரம் சாகும். அதற்கு முன்பே சில மரங்கள் இலைகளை உதறிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மழைக்குக் காத்து நிற்கும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: மொட்டை மரம்.

நூல் அறும் சத்தம் மனிதக் காதுக்குக் கேட்காது. அதைப் பிடிக்க மரங்களில் கருவிகள் பொருத்தியிருக்கிறார். இதைக் கேள்விப்பட்டு ஒரு தொலைக்காட்சிக்காரர் ஒலிவாங்கியோடு வந்தார். "மரங்கள் அழுவதை நீங்கள் கேட்கிறீர்களாமே?"

"மரம் அழல சார். தண்ணி நூல் அறுது. அழணும்னா நீங்க அழுங்க."

அது ஒளிபரப்பாகவில்லை. காடு நம் தாய் என்று மேடையில் உருகுகிறவர்களையும் இவருக்குப் பிடிப்பதில்லை. வறட்சி என்ன புதிதா, எப்போதும் வந்து போவதுதானே என்று கையை விரிக்கிறவர்களையும் பிடிப்பதில்லை. "வறட்சி புதுசில்ல. ஒண்ணு முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள மரத்துக்கு எழுந்திருக்க நேரம் இருந்துச்சு. அந்த நேரம்தான் இப்ப இல்ல. விழுந்தவனை எழுந்திருக்க விடாம மறுபடி மறுபடி அடிச்சா, அவன் எந்த அடியில செத்தான்னு கேப்பீங்களா?" உருகுகிறவருக்கும் கையை விரிக்கிறவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் மரத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை.

வீட்டில் அவரும் தங்கையும் மட்டும். தங்கை அரசு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். அக்காவைவிட ஏழெட்டு வயது இளையவர். வாய் மட்டும் மூத்தது. காட்டைப் பற்றி ஆராய்கிறவர் வீட்டில் ஒரு தொட்டிச் செடிதான் உண்டு. அதுவும் தங்கையுடையது; அலமாரிக்கு மேல், அக்காவுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. முன்பு கீழே இருந்த இரண்டும் கீறல் தாங்காமல் போய்ச் சேர்ந்தனவாம்.

"என் செடி மேல கை வச்ச, நகத்தைப் பிடுங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தங்கை வேலைக்குக் கிளம்புகிறார்.

"அது வாடியிருக்குடி."

"வாடினா தண்ணி ஊத்து. போஸ்ட்மார்ட்டம் பண்ணாத."

இந்த வீட்டில், சாப்பாட்டு மேசையில், சில வாரங்களுக்கு முன் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். அன்று தொடங்கிய நெருக்கடி இன்னும் முடியவில்லை.

நகருக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு அவருடைய வாழ்நாள் வேலை. சரிவில் இருக்கும் சில ஆயிரம் மரங்களுக்கும் அலுமினியத் தகடு அடித்து எண் கொடுத்திருக்கிறார். முன்பு ஒரு பெரிய வறட்சியில் இரண்டு கோடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. நடுவில் மழை பெயருக்குத் தூறிவிட்டுப் போனது. மரங்கள் மொட்டையாயின. எத்தனை மரம் செத்தது என்று சொல்லியாக வேண்டும். ஆனால் மரம் மனிதனைப்போல் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சாவதில்லை. கண் சொருகாது, மூச்சு நிற்காது. ஆகவே அவர் ஒரு விதி வகுத்தார்: அடுத்தடுத்த இரண்டு கணக்கெடுப்புகளில் இலையில்லாமல் நின்றால் அது பட்ட மரம். அந்த விதியோடு கட்டுரை வெளிவந்தது. பல நாடுகளில் அதைப் பின்பற்றினார்கள். செயற்கைக்கோள் படத்தில் பட்ட மரங்களைச் சிவப்பாகக் காட்டும் வரைபடம் ஒன்று அதே விதியில் உருவானது.

இரண்டு கணக்கெடுப்பும், மரங்கள் இலையுதறி நிற்கிற கோடையில் நடந்தவை. இது முதல் தவறு. இது யாரும் செய்யக்கூடியது.

இரண்டாவது தவறு இவர் மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. காட்டில் எழுதிவரும் எண்களில் கைப்பிழைகள் இருக்கும். போன வருடத்தைவிடச் சுற்றளவு சுருங்கிய மரம், ஒரே வருடத்தில் இரண்டு மடங்கு பருத்த மரம் என்று அபத்தங்கள் வரும். அவற்றைக் களைய அவரே ஒரு புரோகிராம் எழுதினார். அதில் ஒரு வரி: பட்டது என்று பதிவான மரம் பிறகு உயிரோடு இருப்பதாகப் பதிவானால், பின்னால் வந்த பதிவு பிழை, நீக்கு.

செத்தது எப்படி எழுந்து வரும்? அற்புதங்களை நம்பாத ஒருவர்தான் அந்த வரியை எழுத முடியும். நீங்களும் எழுதியிருப்பீர்கள்.

பிறகு மழை பெய்தது. இலையுதறிய மரங்களில் சில, உச்சியைக் கைவிட்டுவிட்டு அடிமரத்தின் பக்கவாட்டில் துளிர்விட்டன. களப்பணியாளர்கள் ஒழுங்காக "உயிர்" என்று எழுதினார்கள். புரோகிராம் ஒழுங்காக அதை நீக்கியது. வருடா வருடம் அவர்கள் எழுத, வருடா வருடம் அது நீக்கியது. திரையில் வந்ததெல்லாம் பிழையில்லாத, சுத்தமான சாவு.

இந்த வருடம் மறுபடி கடும் வறட்சி. சரிவில் நடந்துகொண்டிருந்தபோது ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது. கழற்றுவதற்காக ஒரு மொட்டை மரத்தில் சாய்ந்தார். கை, பழக்கத்தில், பக்கவாட்டில் நீட்டியிருந்த சுள்ளிக்குப் போனது. பச்சை. தகட்டைப் பார்த்தார். அவர் கட்டுரையில் செத்த மரம் அது. செத்துப் பல வருடம் ஆன மரத்துச் சுள்ளியின் சாறு கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. ஒற்றைக்கால் ஷூவோடு அடுத்த மரத்துக்கு ஓடினார் என்று கூட இருந்தவர் சொல்கிறார்.

நிலையத்துக்குத் திரும்பி, புரோகிராம் இத்தனை வருடமாகக் கழித்துப்போட்டதையெல்லாம் திறந்து பார்த்தார். சாகாத மரங்கள் அங்கே குவிந்து கிடந்தன.

"எத்தனைக்கா?" என்று தங்கை சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"செத்ததுன்னு எழுதினதுல பத்துக்கு மூணோ நாலோ. சரியாத் தெரியாது. தெரியலங்கறதுதான் பயமா இருக்கு."

தங்கை தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "எங்க வார்டுல ஒரு ஆளு போயிட்டான்னு சொல்ல டாக்டர் வந்து கண்ணைப் பார்க்கணும், நாடியைப் பார்க்கணும், மெஷின்ல கோடு பார்க்கணும், அப்புறம் கையெழுத்து. நீ வானத்துல இருந்து போட்டோ எடுத்து, 'சிவப்பாத் தெரியறான், தூக்கிட்டுப் போங்க'ன்னு சொல்லியிருக்க."

"ஆமா."

"இப்ப யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. ஏனென்றால், அந்தச் சிவப்பு வரைபடத்தை வைத்து, சரிவில் உள்ள பட்ட மரங்களையெல்லாம் வெட்டி அகற்ற அனுமதி கேட்டு ஒரு மரக் குத்தகைதாரர் மனுப் போட்டிருந்தார். பட்ட மரங்கள் தீப்பிடிக்கும், நகருக்கு ஆபத்து என்பது காரணம். பட்ட மரத்துக்கு விலை குறைவு, கேள்வியும் குறைவு என்பது எழுதப்படாத காரணம். மனுவோடு இணைத்திருந்த முதல் ஆதாரம் இவருடைய கட்டுரை. விசாரணைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. அனுமதி கிடைத்தமாதிரியே நினைத்துக்கொண்டு வெட்டும் எந்திரங்களை அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தியும் விட்டார்கள். பேட்டரி இறங்கிவிடாமல் இருக்கத் தினமும் காலையில் ஓட்டுநர் ஒருமுறை எந்திரத்தை உறுமவிட்டு நிறுத்துகிறார். அந்தச் சத்தம் சரிவு முழுக்க ஏறி வரும். அப்போதெல்லாம் நகம் மேடத்தின் கை, எந்தக் கிளையில் இருந்தாலும், அப்படியே நின்றுவிடும். சத்தம் அடங்கிய பிறகுதான் நகம் இறங்கும்.

நிலையத்தின் இயக்குநர் கெட்டவரல்லர். குளிரூட்டிய அறையில், கண்ணாடி பதித்த மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு அவர் நியாயமாகத்தான் பேசினார்.

"திருத்தம் போடுங்க, யார் வேணாம்னா? எல்லாரும் போடறதுதான். பத்திரிகையில நாலு வரி. ஆனா விசாரணையில எழுந்து நின்னு 'நான் தப்பு'ன்னு சொல்லணுமா? அந்தக் கட்டுரைதாங்க நம்ம நிலையத்தோட முகம்."

"முகத்துல கரி இருந்தா துடைக்கணும் சார்."

"துடைக்கறதை யார் பாக்கறாங்கன்னும் பாக்கணும். பூமி சூடாகறதே பொய்யுன்னு ஒரு கூட்டம் கத்திட்டு இருக்கு. நீங்க தப்புன்னு சொன்ன அன்னிக்கே 'பாத்தீங்களா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க'ன்னு குதிக்கும். அதுக்கு என்ன பதில்?"

அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. மேசைக் கண்ணாடியின் விளிம்பை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார்.

"குதிக்கட்டும் சார். பத்துல ஆறு, ஏழு மரம் நிஜமாவே செத்திருக்கு. அது பயங்கரமான சாவு. அதைச் சொன்னதும் நான்தான், இதைச் சொல்றதும் நான்தான். ரெண்டையும் ஒரே வாய் சொன்னாத்தான் நம்புவாங்க."

"சரி, விசாரணை முடியட்டும். பொறுமையா எழுதலாம்."

"அதுக்குள்ள வெட்டிடுவாங்களே. வரைபடம் தப்புன்னு காட்டறதுக்கு மரம் நிக்கணும் சார். வெட்டினப்புறம் எல்லா மரமும் பட்ட மரம்தான். வரைபடம் சரின்னு ஆயிடும்."

இயக்குநர் மேசையில் இருந்த காகித எடையை இடம் மாற்றி வைத்தார். "போறதுன்னா லீவு போட்டுட்டுப் போங்க. நிலையத்தோட பேரை அங்க இழுக்காதீங்க."

லீவு போட்டுவிட்டுப் போனார்.

விசாரணை நடந்த அறையில் மின்விசிறி ஒன்று ஓடியது; மற்றது ஓடவில்லை. ஓடாத விசிறியின் கீழே அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எதிரே அதிகாரி, சுவரில் சிவப்புப் புள்ளிகள் மொய்க்கும் வரைபடம், பக்கவாட்டில் குத்தகைதாரர். பின்வரிசையில் தங்கை, இரவு வேலை முடிந்து சீருடையோடு அப்படியே வந்தவர். அவருக்குப் பக்கத்தில் கயிற்றுக்காரர். கயிற்றுக்காரர் என்பவர் உயரமான மரங்களில் கயிறு போட்டு ஏறி மாதிரிகளை எடுத்துத் தருகிறவர். இவரோடு பல வருடமாக வேலை செய்கிறவர், தொப்பையோடு மரமேறும் அதிசயம். "மரத்துக்குத்தான் வறட்சி, எனக்கில்ல" என்று தொப்பையைத் தட்டிக்கொள்வார். அன்று அவரும் தட்டவில்லை.

"இந்தக் கட்டுரை உங்களோடதுதானே மேடம்?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆமா."

"இதுல இந்த மரங்களெல்லாம் பட்டுப்போச்சுன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"இப்ப உயிரோட இருக்குன்னு சொல்றீங்க. அப்ப சொன்னது தப்பா, இப்ப சொல்றது தப்பா?"

"அப்ப சொன்னது. சில மரங்களைப் பொறுத்தவரைக்கும்."

"நீங்க எழுதினது தப்பு."

"நான் எழுதினது தப்பு."

பின்வரிசையில் தங்கை கையைக் கோத்துக்கொண்டார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் அதட்டவில்லை, அதட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "அப்ப நிச்சயமாத்தான் எழுதியிருப்பீங்க. இப்பவும் நிச்சயமாச் சொல்றீங்க. நாளைக்கு வந்து இதுவும் தப்புன்னு சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயமில்ல சார். அதுக்காகத்தான் வெட்டாதீங்கங்கறேன். நான் தப்பா இருந்தா, நிக்கற மரத்தை நாளைக்கும் போய்ப் பாத்துக்கலாம். நீங்க தப்பா இருந்தா எதைப் போய்ப் பாப்பீங்க?"

குத்தகைதாரர் சிரித்தார். "அம்மா நல்லாப் பேசறாங்க."

நகம் மேடம் தன் பையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய சுள்ளிகளை எடுத்து மேசையில் வைத்தார். தனக்கு வேண்டிய மரங்களைப் பொறுக்கி எடுத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று, எந்த மரங்கள் என்பதை முந்தைய நாள் அதிகாரியின் அலுவலகத்திலேயே சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்லியிருந்தார். கயிற்றுக்காரர் காலையில்தான் ஏறி வெட்டி வந்திருந்தார். சுள்ளிக்குள் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கும் தெரியாது. நகம் வைத்துப் பார்க்க இவர் தன்னை அனுமதித்துக்கொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் கீறாமல் வந்திருக்கிறார்.

முதல் சுள்ளியைக் கீறினார். பழுப்பு. பொடி மேசையில் உதிர்ந்தது.

"பட்டுப்போச்சு" என்றார் குத்தகைதாரர்.

"இந்தக் கிளை செத்திருக்கு. மரத்தைச் சொல்ல அடியில பாக்கணும்."

"இப்படியே சொன்னா எந்த மரம்தாங்க செத்தது?"

இரண்டாவது சுள்ளி. அதுவும் பழுப்பு. அறையில் யாரோ இருமினார்கள். வெயில் சன்னல் வழியாக மேசைக்கு வந்திருந்தது. அவர் நெற்றியில் வியர்வை புருவம் வரை இறங்கி நின்றது, துடைக்கவில்லை. மூன்றாவதை எடுத்தார். கீறப் போனவர் நிறுத்தினார். சுள்ளியை அதிகாரியிடம் நீட்டினார்.

"நீங்க பாருங்க."

"நானா?"

"என் நகம் சொன்னா அது என் கட்சி. உங்க நகத்தால கீறுங்க."

அதிகாரி நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். இரண்டு மூன்று முறை வழுக்கியது. பிறகு அழுத்தினார். தோல் உரிந்தது. அவர் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல்களைத் தேய்த்து, முகர்ந்தும் பார்த்தார். விரல் நுனியில் பச்சை. குத்தகைதாரரின் நாற்காலி கிறீச்சிட்டது.

நியாயம் வென்றது என்று இங்கே முடித்துவிட ஆசைதான். ஆனால் உத்தரவு வேறு மாதிரி வந்தது. வரைபடம் ஏற்கப்பட்டது ஏற்கப்பட்டதுதான். ஆனால் எந்தெந்த மரத்தில் உயிர் இருப்பதாக நேரில் காட்டப்படுகிறதோ, அந்தந்த மரம் மட்டும் வெட்டிலிருந்து விலக்கப்படும். ஒவ்வொரு மரத்துக்கும் பார்த்தவர் பொறுப்பேற்க வேண்டும். பார்ப்பவர் யாராகவும் இருக்கலாம். இந்த மாதம் முடியும் வரை அவகாசம். அதற்குள் பார்க்கப்படாத மரம் பட்ட மரமாகவே கொள்ளப்படும்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். செத்தது என்று சொல்லி வெட்டக் கேட்டவர் ஒரு மரத்தையும் தொடவில்லை. வானத்திலிருந்து எடுத்த படம் அவருக்குப் போதும். உயிர் இருக்கிறது என்று சொல்பவர் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட வேண்டும். வெட்டுவதற்குச் சந்தேகம் போதுமாம். விட்டுவைப்பதற்கு நிரூபணம் வேண்டுமாம். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மனிதனிடம் இப்படி ஒரு சட்டத்தைக் காட்டினால் நாம் தெருவுக்கு வந்திருப்போம். மரமென்றால் "சரி, நடைமுறை" என்று பக்கத்தைத் திருப்புகிறோம். அந்தச் சரிவில் காடு நிற்பதால்தான் கீழே நம் குழாய்களில் கோடையிலும் ஏதோ கொஞ்சம் வருகிறது என்பதைக்கூட மறந்துவிட்டு.

படியிறங்கும்போது தங்கை கேட்டார்: "நீ பண்ணின தப்பை நீயே போய்ச் சொன்ன. தண்டனையும் உனக்கேதானா?"

"எழுதினது நான்தானேடி. தொட்டுப் பாக்காம எழுதினேன். இப்பத் தொட்டுப் பாக்கறேன்."

மறுநாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிளை கைக்கு எட்டும் மரங்களை அவர் பார்க்கிறார். எட்டாதவற்றில் கயிற்றுக்காரர் ஏறுகிறார். மேலேயிருந்து "பச்சை" என்றோ "இல்லீங்க" என்றோ குரல் வருகிறது. "இல்லீங்க" என்று வந்தால் அவர் அடிமரத்தில் மண்டியிட்டுச் சிறு உளியால் பட்டையைத் திறந்து பார்க்கிறார். சுள்ளி, நடுமரம், அடிமரம் என்று மூன்று இடத்திலும் பழுப்பு என்றால்தான் செத்தது என்று சொல்கிறார். அப்படிச் சொல்லும் மரங்களே அதிகம். ஒவ்வொன்றுக்கும் உதடு இறுகுகிறது. ஆனால் ஒரு பழுப்பைக்கூடப் பச்சை என்று சொல்வதில்லை. ஒருநாள் வெயிலில் களைத்துப்போன கயிற்றுக்காரர், "மேடம், இது கொஞ்சம் பச்சை மாதிரி இருக்கு, எழுதிக்கலாமா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"மாதிரியா, பச்சையா?"

"...மாதிரி."

"அப்ப இல்ல. இறங்குங்க அண்ணே. 'மாதிரி'லதான் இவ்வளவு வந்து நிக்குது."

உயிருள்ள மரத்தில் வெள்ளைத் துணி கட்டுகிறார்கள். சரிவில் ஓர் ஓரமாக வெள்ளை தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதற்கு மேலே, கண்ணுக்கெட்டிய வரை, யாரும் தொடாத மொட்டைகள். இருவரின் நான்கு கைகளுக்கு அது முடியாது. மாதம் முடிய அதிக நாள் இல்லை. அடிவாரத்தில் எந்திரங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

நேற்று முன்தினம், அடிமரம் ஒன்றில் பட்டையின் பிளவுக்குள் மாட்டி, அவருடைய வலது கட்டைவிரல் நகம் பாதிக்குமேல் பிய்ந்துவிட்டது. வார விடுமுறைக்குச் சரிவுக்கு வந்திருந்த தங்கை, ரத்தத்தைத் துடைத்து மருந்து வைத்து, பொம்மைபோல் விரல் பருக்கும்வரை பிளாஸ்திரி சுற்றினார்.

"ரெண்டு வாரம் இந்தக் கை எதையும் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

"சரி."

"சரின்னு சொல்லிட்டுத் தொடுவ."

"இந்தக் கையால தொடல."

அப்போதுதான் கீழே எந்திரம் உறுமியது. வழக்கம்போல் ஒரு தடவை உறுமி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அசையவில்லை. கயிற்றுக்காரர் கயிற்றை இறுகப் பிடித்தபடி கீழே பார்த்தார். சத்தம் நின்றது. அக்கா எழுந்தார். அடுத்த மரத்துக்குப் போனார். சுள்ளியை வலது முழங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பழக்கமில்லாத இடது கட்டைவிரலை அதன்மேல் வைத்தார். அந்த நகம் குட்டையாக வெட்டியிருந்தது; வழுக்கியது. மறுபடி வைத்தார்.

நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால், எதிரே தெரிவது அந்தச் சரிவுதான். எந்திரங்களைத் தாண்டி நடந்து வாருங்கள். வெள்ளைத் துணி முடிகிற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். எப்படிக் கீறுவது என்று அவர் காட்டித் தருவார். வரும்வரை நகம் வெட்டாதீர்கள்.